மகரீஃப் நூல்: நவம்பர் 30க்குள் இன்னும் 41,500 ரூபாய் தேவை

லிபியாவின் பெங்காசி நகரில் வேலை பார்த்துத் திரும்பிய அண்ணன்மார், அக்காமார், தம்பி தங்கைகள் அனைவருக்கும் நூல் குழுவின் வணக்கம்.

சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறோம், லிபியத் தலைவர் மகரீஃப் பற்றிய நம் நூலை அச்சிடப் பணம் போதவில்லை. மீதியை நவம்பர் 30க்குள் கட்டினால்தான் தாள் வாங்குவேன் என்கிறார் அச்சகத்துக்காரர். லிபியாவின் சுதந்திர நாளான டிசம்பர் 24 அன்று நூல் கையில் இருக்க வேண்டும் என்று போன கூட்டத்தில் கை தூக்கியது நாமெல்லோரும்தான்.

மகரீஃபைப் பற்றித் தமிழில் எதற்கு ஒரு நூல் என்று புதிதாகச் சேர்ந்தவர்கள் சிலர் கேட்கிறார்கள். 1984இல் அங்கே இருந்த பெரியவர்களைக் கேளுங்கள். முகமது யூசுஃப் அல்-மகரீஃப் என்ற பெயரை டீக்கடையில் வாய்விட்டுச் சொல்ல முடியாது. அவர் பெங்காசிக்காரர், பொருளியல் படித்தவர், எழுபதுகளில் அரசுக் கணக்குத் தணிக்கைத் துறையின் தலைவர். அப்புறம் தூதராக வந்தது நம் தில்லிக்கு! 1980இல் அந்தப் பதவியை உதறிவிட்டு, அப்போது லிபியாவை ஆண்ட கடாஃபியை எதிர்த்து நின்றார். அதே தூதரகத்தில் இருந்த அலி ஜெய்தானும் விலகினார். பிற்காலத்தில் ஒருவர் நாட்டின் தலைவர், மற்றவர் பிரதமர். இதைச் சொல்லும்போதெல்லாம், ஏதோ தானே தேர்தலில் நின்று ஜெயித்த மாதிரி நம் குழுத் தலைவருக்கு முகம் மலர்ந்துவிடும்.

நாடு கடந்து வாழ்ந்தவர்களைத் திரட்டி 1981 அக்டோபரில் லிபிய மீட்புக்கான தேசிய முன்னணியைத் தொடங்கினார் மகரீஃப். 1984 மே மாதம் அவருடைய ஆட்கள் திரிபோலியில் கடாஃபியின் பாப் அல்-அஜீஜியா முகாமைக் குறிவைத்தார்கள். முயற்சி தோற்றது. முன்னணியின் படைத் தளபதி அகமது அஹ்வாஸ் அதற்குச் சற்று முன்பே கொல்லப்பட்டிருந்தார். அவரும் தூதரக வேலையை விட்டு வந்தவர்தான். அடுத்த மாதம், ரமலான் நோன்பு நாளில், பெங்காசி கூடைப்பந்து அரங்கில் சாதிக் ஷுவேஹ்தி என்ற இளைஞரை, கடாஃபிக்கு எதிராகச் சதி செய்தார் என்று சொல்லித் தூக்கிலிட்டுத் தொலைக்காட்சியில் காட்டினார்கள். அன்று அங்கே ஆசிரியராக இருந்த நம் மூத்தவர் ஒருவர் இந்த அத்தியாயத்தை எழுதித் தர நாலு மாதம் எடுத்துக்கொண்டார். நாங்கள் அவசரப்படுத்தவில்லை.

முப்பது வருஷ வெளிநாட்டு வாழ்க்கைக்குப் பிறகு, கடாஃபி ஆட்சி கவிழ்ந்த 2011இல் மகரீஃப் ஊர் திரும்பினார். 2012 ஆகஸ்டில் 200 பேர் கொண்ட நாடாளுமன்றமான பொது தேசியப் பேரவை அவரைத் தலைவராகத் தேர்ந்தெடுத்தது. அவருக்கு 113 வாக்கு, எதிர்த்து நின்ற அதே ஜெய்தானுக்கு 85. பத்து மாதம்கூட ஆகவில்லை. கடாஃபி ஆட்சியில் பதவி வகித்தவர்களை ஒதுக்கும் சட்டம் 2013 மே மாதம் வந்தது. தில்லியில் தூதராக இருந்த பழைய கணக்கு அவர் தலையிலேயே விழுந்தது. யாரும் வந்து இறக்கிவிடக் காத்திராமல் மே 28 அன்று தானே விலகினார். இரண்டு முறை நாற்காலியை விட்டவர் அவர். நாம் ஆயிரம் ரூபாயை விட யோசிக்கிறோம்.

தணிக்கையாளரைப் பற்றிய நூல், ஆகவே கணக்கு இதோ: 500 பிரதி அச்சும் பைண்டிங்கும் 62,000, அரபு ஆவணங்களை மொழிபெயர்க்க 18,000, தட்டச்சும் பிழைதிருத்தமும் 14,000, அட்டையும் வரைபடமும் 8,000, தபால் 6,000. ஆக மொத்தம் 1,08,000. வந்தது 66,500.

கொடுத்தவர்களை மறந்தால் நாங்கள் மனிதர்களே இல்லை. ஓய்வூதியத்திலிருந்து மூன்று மாதம் தொடர்ந்து அனுப்பிய நர்ஸ் அக்காவுக்கும், மகள் கல்யாணச் செலவுக்கு நடுவிலும் 5,000 தந்த வெல்டர் அண்ணனுக்கும், 2011இல் போருக்குத் தப்பி ஸ்கோஷியா பிரின்ஸ் கப்பலில் பெங்காசியிலிருந்து அலெக்சாந்திரியா வரை ஒன்றாக வந்த நினைவுக்காகச் சேர்ந்து 11,000 அனுப்பிய ஆறு நண்பர்களுக்கும் நன்றி. முதல் ஆளாக 101 ரூபாய் வைத்துத் தொடங்கிவைத்த பெரியவர் இன்று நம்மோடு இல்லை. அவர் ஆன்மாவை இறைவன் காக்கட்டும். நூலின் முதல் பிரதி அவர் வீட்டுக்குப் போகும்.

இன்னொன்றையும் சொல்லித்தான் ஆக வேண்டும். தருகிறேன் என்று பெயர் எழுதிவிட்டு இன்னும் தராதவர்கள் பதினேழு பேர். பெயரை வெளியிட மாட்டோம். ஆனால் நம்மில் பலர் வீட்டுக்கு அஸ்திவாரம் போட்டது லிபிய தினார் பணம்தான். உப்பிட்டவரை உள்ளளவும் நினை என்று பிள்ளைகளுக்கு மட்டும் சொல்லிக்கொடுத்தால் போதுமா?

பழைய வங்கிக் கணக்குதான், மாற்றமில்லை. அனுப்பியதும் பொருளாளரிடம் ரசீது கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். 1,000 ரூபாயும் அதற்கு மேலும் தருபவர்களுக்கு இரண்டு பிரதி.

இப்படிக்கு,
நூல் குழுவினர்