நாலாம் நம்பர் பந்து

திருகோணமலை
தை மாதம்

அன்பு மச்சான்,

உன் கடிதம் பொங்கலுக்கு முதல் நாள் கிடைத்தது. ஒஸ்லோவில் முழங்காலளவு பனி என்று எழுதியிருந்தாய். இங்கே மாரி இப்போதுதான் விட்டிருக்கிறது. மைதானத்தில் தேங்கிய தண்ணீர் வற்றிப் புல் முளைத்துவிட்டது. வெள்ளணப் போனால் மான்கள் கோல் கம்பத்தடியில் படுத்திருக்கின்றன. அவற்றை எழுப்பிவிட்டுத்தான் சுண்ணாம்புக் கோடு போட வேண்டும்.

உன் மகளின் உதைபந்தாட்டம் பற்றி எழுதிய பக்கத்தை மூன்று தரம் வாசித்தேன். பதினொரு வயது வரும்வரை பிள்ளைகளின் ஆட்டங்களுக்குப் புள்ளி அட்டவணையே போடுவதில்லை என்பதை முதலில் நம்பவில்லை. பிறகு தேடிப் பார்த்தேன். 1987 இலேயே நோர்வேக்காரர் சிறுவர் விளையாட்டுக்கென்று விதி எழுதியிருக்கிறார்கள். அந்த வருடம் நீயும் நானும் எந்தெந்த வீட்டுத் திண்ணையில் படுத்தெழும்பினோம் என்பது ஞாபகம் வந்தது. அதை இப்போது கிளறவில்லை.

சென்ற பருவத்தில் நடந்த ஒன்றை உனக்குச் சொல்லாமல் வைத்திருந்தேன். எங்கள் சின்ன அணியின் கோல்காப்பாளன் பத்து வயதுப் பொடியன். கடைசி ஆட்டத்தில் மூன்று பந்து, மூன்றும் அவன் தலைக்கு மேலால் போய் விழுந்தன. நான் கோட்டுக்கு வெளியே நின்று கத்தினேன். என்ன சொன்னேன் என்று எழுதக் கை வரவில்லை. அவன் அழவில்லை. கையுறையைக் கழற்றிக் கம்பத்தடியில் வைத்துவிட்டு, விசில் ஊதும்வரை வெறுங்கையோடு நின்றான். அடுத்த கிழமை வரவில்லை. வீடு தேடிப் போனேன். "புலமைப்பரிசில் வருசம் தம்பி, படிக்கட்டும்" என்றார் தாய். காரணம் அதுவல்ல என்று அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

பிறகொரு நாள் தனியாகப் போய் அந்தக் கம்பத்துக்குக் கீழே நின்றேன். அகலம் 7.32 மீற்றர், உயரம் 2.44 மீற்றர். வளர்ந்த ஆம்பிளைகளுக்கான அளவு. பொடியன் நாலரை அடி. இரண்டு கையையும் தூக்கினாலும் மேல் கம்பத்துக்கு இரண்டடிக்கு மேல் வெளி. ஏகாம்பரம் மைதானத்தில் அத்தனை வருடம் கோல் காத்தவன் நான். எனக்கே அன்றைக்கு அது கண்ணில் படவில்லை.

அதனால்தான் இந்த முறை பிள்ளைகளைக் கூப்பிட முதல் பயிற்றுவிப்பாளர்களைக் கூப்பிட்டேன். ஒன்பது பேர் சேர்ந்தார்கள், எல்லாரும் சம்பளமில்லாமல். கரைவலைக்காரர் இரண்டு பேர், ஒரு ஓட்டோக்காரர், வங்கியில் வேலை செய்கிற ஒருவர், ஏ.எல். பரீட்சை எழுதிவிட்டு நிற்கிற பொடியன்கள் மூன்று பேர், கிண்ணியாவிலிருந்து பஸ்ஸில் வருகிற ஓர் ஆசிரியர், உப்புவெளியில் பாலர் பாடசாலை நடத்துகிற ஒரு தங்கச்சி. கிண்ணியாவிலிருந்து வந்து பந்தடித்துவிட்டு, கடைசிப் பாதைப் படகைப் பிடிக்க ஓடுகிற எங்கட பழைய கூட்டாளிமாரை நினைத்துப் பார். 2009 இல் பாலம் திறந்த பிறகு அந்த ஓட்டம் இல்லை. மாசியில் நோன்பு தொடங்குவதால் அந்த ஒரு மாதம் பயிற்சியின் கடுமையைக் குறைப்பது என்று முதல் நாளே தீர்மானித்துவிட்டோம்.

முதல் சனிக்கிழமை நான் விரிவுரை வைக்கவில்லை. ஒன்பது பேரையும் ஒரே வரிசையில் நிற்பாட்டி ஒரு பந்தைக் கொடுத்தேன். ஒவ்வொருவராக ஓடிப்போய்க் கோலுக்கு அடித்துவிட்டு வரிசையின் வாலில் வந்து நிற்க வேண்டும். நம்மைப் பழக்கிய முறை அதுதானே. பத்து நிமிடம் கழித்துப் பார்த்தால் ஒருவருக்கு ஆறேழு தரம்தான் பந்து காலில் பட்டிருக்கிறது. ஓட்டோக்காரர் வெயிலில் நின்று அலுத்துப்போய்ப் பக்கத்திலிருந்தவரை இடிக்கத் தொடங்கிவிட்டார். பிறகு தண்ணிப் போத்தல்களை நட்டு மூன்றுக்கு மூன்றாகச் சின்னக் கட்டங்களில் விளையாட விட்டேன். மற்ற மூன்று பேர் இடையிடையே மாறிக்கொண்டார்கள். அதே பத்து நிமிடம். எல்லாருக்கும் மூச்சு வாங்கியது, பந்து எத்தனை தரம் பட்டதென்று ஒருவராலும் எண்ண முடியவில்லை. ஜேர்மன்காரர் 2024 இல் சின்னப் பிள்ளைகளுக்கு நாடு முழுக்க இந்த மாதிரிச் சிறு ஆட்டங்களைக் கட்டாயமாக்கியதை அதற்குப் பிறகுதான் சொன்னேன். முதலில் சொல்லியிருந்தால் காதில் ஏறியிருக்காது.

அந்தத் தங்கச்சியைப் பற்றி எழுதியே ஆகவேண்டும். பந்தைக் காலால் தொட்டுப் பழக்கமில்லாதவர். பெண்பிள்ளைகளும் வருகிறார்களே, ஒரு பெண் நின்றால் பெற்றார் துணிந்து அனுப்புவார்கள் என்றுதான் கேட்டேன். ஆனால் அன்றைக்கு எல்லாருக்கும் பாடம் எடுத்தவர் அவர்தான். ஒரு பிள்ளையோடு கதைக்க வேண்டுமென்றால் முட்டுக்காலில் இருந்து, கண் நேராக வந்த பிறகே வாயைத் திறக்கிறார். ஒரு நேரத்தில் ஒரு விசயம், அதுவும் பத்துச் சொல்லுக்குள். பிள்ளை திரும்பச் செய்து காட்டும்வரை பேசாமல் பார்த்துக்கொண்டிருக்கிறார். கரைவலைக்காரரில் மூத்தவர் சொன்னார்: "நாங்க வலை இழுக்கிற மாதிரியே பிள்ளையளையும் இழுக்கிறம் தம்பி." அவர் குரல் கடலுக்குக் கேட்கிற குரல். இப்போது அவரும் முட்டுக்காலில் இருந்து பழகுகிறார்.

ஏ.எல். பொடியன்களுக்கு உடம்பைச் சூடேற்றுவதென்றால் மைதானத்தை இரண்டு சுற்று ஓடுவது. பீபாவின் சிறுவர் பயிற்சியைக் காட்டினேன். பதினைந்து இருபது நிமிடம்; ஒற்றைக்காலில் நின்று பந்தைப் பிடிப்பது, முழங்கால் மடங்கக் குதித்து இறங்குவது, தோளால் உருண்டு விழுவது. சுவிற்சர்லாந்து, ஜேர்மனி, செக், நெதர்லாந்து நான்கு நாட்டிலும் பிள்ளைகளுக்குச் செய்து பார்த்து, காயங்கள் ஏறத்தாழப் பாதியாகக் குறைந்ததென்று 2018 இல் வெளியிட்டிருக்கிறார்கள்.

தலையில் அடிபடுவதைப் பற்றித்தான் கடுமையாகக் கதைத்தேன். நம் அணியின் ரைட் பாக் ஆட்டக்காரன் கம்பத்தில் மோதி விழுந்தது ஞாபகமா? முகத்தில் தண்ணி தெளித்துத் திரும்ப உள்ளே அனுப்பினார்கள். அன்றிரவு அவன் சத்தியெடுத்தபடி கிடந்ததை நீயும் பார்த்தாய். இனி யாருக்குத் தலையில் பலமாக அடிபட்டாலும் அன்றைக்கு ஆட்டம் முடிந்தது, பிள்ளை எவ்வளவு கெஞ்சினாலும். மயக்கம், சத்தி, தடுமாற்றம் இருந்தால் உடனே 1990 அம்புலன்சுக்கு அழைக்க வேண்டும். சின்னப் பிள்ளைகளுக்குத் தலையால் அடிக்கிற பயிற்சியும் இல்லை. இங்கிலாந்தில் ஆரம்பப் பள்ளி வயதுக்கு அதை 2020 இலேயே நிறுத்திவிட்டார்கள். பின்னேரத்தில் இடி கேட்டால் எல்லாரும் கட்டடத்துக்குள். கடைசி இடிக்குப் பிறகு முப்பது நிமிடம் வெளியே வரக்கூடாது. மரத்தடியில் ஒதுங்குவதும் கூடாது.

எந்தக் குழுவிலும் இரண்டு வளர்ந்தவர்கள் நிற்க வேண்டும் என்றும் வைத்திருக்கிறோம். கடல் அடங்கினால் கரைவலைக்காரர் தொழிலுக்குப் போய்விடுவார்கள், அப்போது மற்றவர் இருக்க வேண்டும் என்பது ஒன்று. ஒரு பிள்ளையோடு எந்தப் பெரியவரும் தனியாக நிற்கக்கூடாது என்பது மற்றது. இரண்டாவதைச் சொன்னபோது ஒருவருக்கு முகம் கறுத்தது, தன்னைச் சந்தேகிக்கிறேன் என்று நினைத்தார். "உங்களையும் காப்பாற்றத்தான் அண்ணை" என்று விளங்கப்படுத்தினேன். சிறுவர் உதவிக்கான 1929 ஐயும் எல்லாரும் தொலைபேசியில் பதிந்துகொண்டார்கள்.

இனிப் பெற்றார் கூட்டம். கோட்டுக்கு வெளியே நின்று கத்துவதில்லை என்று அவர்களிடம் கேட்கப் போகிறேன். கேட்க முதல், சென்ற வருடம் நான் கத்தியதை அவர்கள் முன்னால் சொல்ல வேண்டும். அதை நினைத்தால் இப்போதே நெஞ்சு இடிக்கிறது. ஆனாலும் சொல்வேன்.

ஜேர்சி அனுப்பவா என்று கேட்டிருந்தாய். வேண்டாம் மச்சான், பழைய சட்டை போதும். சின்னக் கோல் கம்பம் பன்னிரண்டடிக்கு ஆறடி அளவில் ஓட்டோக்காரரின் மச்சான் ஒட்டித் தருகிறார். சாய்ந்து விழாமல் இருக்கப் பின்னால் மண்மூட்டை கட்டுவோம். எங்களுக்கு வேண்டியது நாலாம் நம்பர் பந்து. இங்கே பந்து கேட்டால் ஐந்தாம் நம்பரைத்தான் எடுத்துத் தருகிறார்கள். 410 முதல் 450 கிராம், பத்து வயதுக் காலுக்கு அது பாரம். பத்துப் பந்து அனுப்ப முடியுமா? ஒன்பதுக்குக் கணக்கிருக்கிறது. பத்தாவதை நான் அந்தப் பொடியனின் வீட்டுக்கு எடுத்துப் போக வேண்டும். படிப்பைக் குழப்ப அல்ல, அவனிடம் சொல்ல வேண்டியதைச் சொல்ல.

காற்றை இறக்கிவிட்டு அனுப்பு, பெட்டி சின்னதாகும். பம்ப் இங்கே இருக்கிறது.

உன் பழைய கோல்காப்பாளன்