கேரண்டையே வாங்கு

அன்புள்ள செல்வம்,

உன் கடிதம் வந்தது. பெரியவளுக்குக் கல்லூரியில் இடம் கிடைத்ததில் இங்கே எல்லோருக்கும் சந்தோஷம். அலாஸ்காவில், இங்கே ஃபேர்பேங்க்ஸில் ஆறு உறைந்தாயிற்று.

சரி, நீ கேட்டதற்கு வருகிறேன். ராணுவம் கழித்த பழைய செமி ஆட்டோமேட்டிக் ரைஃபிள்களில் சோவியத் எஸ்கேஎஸ்ஸா, அமெரிக்க எம்1 கேரண்டா? குளிர்கால மூஸ் (பெரிய காட்டு மான்) வேட்டைக்கு என்றால் கேரண்டையே வாங்கு. எஸ்கேஎஸ் கைக்கு அடக்கமானது, முரட்டு உழைப்பாளி. ஆனால் அதன் 7.62x39 தோட்டா பக்கத்தில் நிற்கும் மானுக்குத்தான் சரி. அரை டன் மூஸ் தள்ளி நின்றால் அந்தத் தோட்டாவின் விசை போதாது. அடிபட்ட விலங்கு காட்டுக்குள் ஓடித் துடித்துச் சாவதை என்னால் ஏற்கவே முடியாது. கேரண்டின் .30-06 தோட்டா அலாஸ்காவில் தலைமுறைகளாக மூஸை வீழ்த்தி வருகிறது.

குளிரிலும் அதை நம்பலாம். 1950இல் கொரியாவின் சோசின் நீர்த்தேக்கப் போரில், மைனஸ் 30 டிகிரிக்கும் கீழே, எம்1 கார்பைன் என்ற வேறொரு சிறிய ரைஃபிள் பலருக்கு மக்கர் செய்தது; கேரண்ட் பெரும்பாலும் கைவிடவில்லை. 4.3 கிலோ எடை, ஆழமான பனியில் தோளை இழுக்கும்தான். ஆனாலும் சிறு துளை வழியே குறிபார்க்கும் அதன் பீப் சைட்டில் மூச்சுப் பட்டு உறைய லென்ஸ் கிடையாது.

தோட்டா விஷயத்தில் மட்டும் கவனம். அந்த ரைஃபிள் 150 கிரெய்ன் (குண்டின் எடை அளவு) ராணுவத் தோட்டாவுக்கு ஏற்ப அமைந்தது. மூஸுக்கு விற்கும் 180 கிரெய்ன் தோட்டாக்கள் பலவற்றில் வாயு அழுத்தம் கூடி, அடுத்த தோட்டா ஏற இயங்கும் தண்டான ஆப்பரேட்டிங் ராட் வளைந்துவிடலாம். அழுத்தத்தைக் குறைத்து வைக்கக்கூடிய கேஸ் பிளக் ஒன்றை மாட்டிக்கொள். குண்டு சாஃப்ட் பாயின்டாக, அதாவது பட்டதும் விரியும் மென்முனைக் குண்டாக இருக்கட்டும். முழு உறை போட்ட ராணுவக் குண்டு விரியாமல் ஊடுருவிப் போய்விடும்.

அப்புறம், வாங்கியதும் பழைய கிரீஸை முழுக்கக் கழுவி எடு. குளிரில் அது இறுகி, தோட்டா அறையை மூடித் திறக்கும் போல்ட்டை மந்தமாக்கும். குளிருக்கான எண்ணெய் மெல்லிய பூச்சாகப் போதும். வேட்டை முகாமில் துப்பாக்கியைக் கதகதப்பான கூடாரத்துக்குள் கொண்டுவராதே. உள்ளே வியர்க்கும் உலோகம் வெளியே போனதும் அந்த ஈரம் உறைந்து, தோட்டாவை வெடிக்கவைக்கும் ஃபயரிங் பின் அசையாது. தோட்டாவை எடுத்துவிட்டு, உறையில் போட்டுப் பூட்டி, குளிரான இடத்திலேயே வை.

அமெரிக்கக் குடியுரிமை வந்துவிட்டதால், ராணுவத்தின் பழைய ரைஃபிள்களைக் குடிமக்களுக்கு விற்கும் சிவிலியன் மார்க்ஸ்மன்ஷிப் புரோகிராமிலேயே நீ விண்ணப்பிக்கலாம். அவர்களோடு இணைந்த ஒரு சுடும் கழகத்தில் முதலில் சேர்ந்துவிடு. வந்ததும் சொல், இங்கே ரேஞ்சில் சேர்ந்தே குறி சரிபார்ப்போம்.

அன்புடன்,
ரவி