சிறுவர் கலைப் பள்ளிப் பெற்றோர், பழைய மாணவர் சங்கம்: செயலாளரின் ஆண்டறிக்கை, 2025

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, எங்கள் ரீச்சர் அவர்களே, கூத்துப் பழக்கும் அண்ணாவியார் அவர்களே, பெற்றோரே, பழைய மாணவர்களே, அனைவருக்கும் வணக்கம்.

செயற்குழு இவ்வாண்டு ஒழுங்காகக் கூடியது. வரவு செலவைப் பொருளாளர் தனியே வாசிப்பார். கார்த்திகைக் கடைசியில் வந்த டித்வா புயல் மழையால் வருடாந்தக் கண்காட்சியைப் பின்போட வேண்டியதாயிற்று. புதிய திகதியைத் தலைவர் அறிவிப்பார். இவற்றை இந்த அளவில் நிறுத்தி, மீதி நேரத்தை ஒரே விடயத்துக்கு ஒதுக்கச் சபை அனுமதிக்க வேண்டும். இந்தப் பள்ளியைத் தொடங்கி இன்றுவரை நடத்திவரும் ரீச்சர், வரும் தைப்பொங்கலோடு பொறுப்பை ஒப்படைக்கிறார்.

பிந்திச் சேர்ந்த பெற்றோருக்குத் தொடக்க காலம் தெரியாது. போர் முடிந்து ஊரில் மீள்குடியேறி வந்த புதிது. பொதுநோக்கு மண்டபத்துக்குக் கூரை இல்லை, தறப்பாள் கட்டித்தான் வகுப்பு. சித்திரக் கொப்பி வாங்கிக் கொடுக்க எந்த வீட்டிலும் வழியில்லை. ஆனால் ஊரெல்லாம் வீட்டுத்திட்ட வேலை நடந்ததால் வெறும் சீமெந்துப் பைகளுக்குக் குறைவில்லை. ரீச்சர் அவற்றை வளவு வளவாகச் சேர்த்து, தூசு தட்டி, உள்தாளைக் கிழியாமல் பிரித்து, ஈரத்துணியால் துடைத்து, வெயிலில் காயவைத்து வெட்டுவார். சிவப்புக்குச் செங்கல் தூள், மஞ்சளுக்குக் குசினி மஞ்சள், கறுப்புக்கு அடுப்புக்கரி. பாடசாலையில் சித்திரம் படிப்பித்துவிட்டு வந்து, சனி ஞாயிறு முழுவதும் இதே வேலை.

அந்த நாட்களில் பிள்ளைகள் எதையெல்லாம் வரைந்தார்கள் என்பதை இங்கே விரிக்கத் தேவையில்லை. நாங்கள் எல்லோரும் அதே பாதையால் வந்தவர்கள். “இதை வரையாதே” என்று ரீச்சர் எந்தப் பிள்ளைக்கும் சொன்னதில்லை. கலண்டர் படத்தைப் பார்த்து வரையவும் விட்டதில்லை. படத்தை இரண்டு கையாலும் வாங்கி, நின்று பார்த்து, பின்பக்கத்தில் பெயரும் திகதியும் எழுதி வைப்பார். போகப் போகக் குளக்கட்டும் மாட்டுப்பட்டியும் வயல் காவல் கொட்டிலும் அந்தத் தாள்களில் வரத் தொடங்கின. சித்திரம் கற்பிப்பதில் இதைவிடப் பெரிய திறமை இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

கூத்தைப் பள்ளிக்குள் கொண்டுவந்ததும் அவர்தான். முல்லைத்தீவு வற்றாப்பளைக் கண்ணகி அம்மனை நம்பி வாழும் எங்கள் பக்கத்தில் கோவலன் கூத்து இல்லாமல் ஒரு கலைப் பள்ளியா என்று கேட்டார். இடம்பெயர்வுகளில் கூத்துக் கொப்பிகள் பல வீடுகளில் தொலைந்துபோயிருந்தன. ஆகவே அண்ணாவியாரை அழைத்து வந்து உட்காரவைத்தார். அவர் முழங்காலில் தாளம் தட்டித் தருவை, அதாவது கூத்துப் பாட்டை, பாடப் பாட, எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் எழுதினார்கள். நடுவில் ஓரடி நினைவுக்கு வராவிட்டால் அண்ணாவியார் எழுந்து நின்று ஆடிப் பார்ப்பார். கால் வைத்ததும் அடி வந்துவிடும். அந்தக் கொப்பியை வைத்துத்தான் இன்றும் பழக்குகிறோம். வைகாசியில் முள்ளியவளை காட்டா விநாயகர் கோயிலில் உப்புநீரில் விளக்கெரியும் அந்த ஒரு கிழமை எமக்கு வகுப்பில்லை. பிள்ளைகள் கோயிலடியில் இருந்து வரைகிறார்கள்.

இவ்விடத்தில் ஒரு வேண்டுகோள். ஐந்தாம் வகுப்பு வந்ததும் புலமைப்பரிசில் பரீட்சை என்று பிள்ளையை மறிப்பதும், அது முடிந்தபின் ரியூசனுக்கு அனுப்பி எங்களை மறப்பதும் ஆண்டுதோறும் நடக்கிறது. பெற்றோரின் பயம் விளங்குகிறது. ஆனால் சித்திரமும் சங்கீதமும் நடனமும் நாடகமும் அரங்கியலும் சாதாரண தரப் பரீட்சைப் பாடங்கள்தானே. இங்கு படித்தவர்கள் மருதனார்மடத்திலுள்ள யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் இராமநாதன் நுண்கலைப் பிரிவு வரை போய்ப் பட்டம் பெற்றிருக்கிறார்கள். அந்த வருடத்திலும் கிழமைக்கு ஒரு மணித்தியாலம் பிள்ளையை விடுங்கள் என்று ரீச்சர் கேட்டு வந்தார். சங்கமும் அதையே கேட்கிறது.

1978இல் யாழ்ப்பாணத்தில் நாடக அரங்கக் கல்லூரியைத் தொடங்கிய குழந்தை ம. சண்முகலிங்கம் ஐயா இவ்வாண்டு தை மாதம் காலமானார். பிள்ளைகளுக்கென்று நாடகம் எழுதி, பாடசாலை மேடையை மாற்றிய ஆசிரியர் அவர். எமது மண்டபத்தில் விளக்கேற்றி அஞ்சலி செய்தோம். நாடகம் பழக்குவதை ஒரு பள்ளியாகவே நடத்தலாம் என்ற துணிவு அவரைப் பார்த்துத்தான் தனக்கு வந்தது என்று ரீச்சர் அன்று சொன்னார்.

இனி நடக்க வேண்டியவை. பள்ளிப் பொறுப்பை எமது பழைய மாணவர் இருவரிடம் கொடுக்கச் செயற்குழு தீர்மானித்துள்ளது. ஒருவர் சித்திரமும் மற்றவர் கூத்தும் பார்ப்பார். ரீச்சர் இத்தனை காலமும் ஒரு சதமும் வாங்கவில்லை. அதையே புதியவர்களிடமும் எதிர்பார்ப்பது நியாயமில்லை. இருவரும் இளம் குடும்பக்காரர். மாதக் கொடுப்பனவுக்கான பிரேரணை அடுத்து வருகிறது. புலம்பெயர்ந்த உறவுகளை மட்டும் பார்த்திராமல் ஊரிலுள்ள நாமும் பங்கெடுக்க வேண்டும்.

அத்தோடு, அந்தச் சீமெந்துத் தாள் படங்கள் இரும்பு அலுமாரியில் ஈரம் பிடிக்கத் தொடங்கிவிட்டன. வெள்ளத்தின்போது அலுமாரியைக் கதிரைகளின் மேல் தூக்கி வைத்துத்தான் காப்பாற்றினோம். படங்களை ஸ்கேன் செய்து வைக்கவும், வரைந்தவர்களைத் தேடி அனுமதி கேட்கவும் ஒரு உபகுழு தேவை. கணினி தெரிந்த பழைய மாணவர்கள் இன்றே பெயர் தரலாம்.

பொறுப்பை விட்டாலும் ஞாயிறு காலைச் சின்னவர் வகுப்பைத் தொடர்ந்து தானே எடுப்பதாக ரீச்சர் எழுத்தில் தந்துள்ளார். சபையின் சார்பில் அதை நன்றியோடு ஏற்றுக்கொண்டு, இவ்வறிக்கையைச் சமர்ப்பிக்கிறேன்.

செயலாளர்