அத்தையின் சுண்டுவிரல்

மதுரை,
ஞாயிறு இரவு

அன்புள்ள சுமதி,

மூன்று மாதமாகப் பதில் எழுதவில்லை, உன் மகள் பிளஸ் டூவில் வாங்கிய மார்க்குக்கு ஒரு வார்த்தைகூடச் சொல்லவில்லை. கோபம் இருந்தால் இருக்கட்டும், இதை மட்டும் கடைசிவரை படித்துவிடு. அம்மா சுகம். வாசு இன்னும் அந்த ஸ்கூட்டரை விற்கவில்லை. சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

போன வியாழக்கிழமை அம்மாவுக்கு நைட்டி எடுக்கப் போனேன். கடைப் பையன் ஒவ்வொன்றாக விரித்துப் போட்டுக்கொண்டே வந்தான். ஏழாவதோ எட்டாவதோ, மெரூன் கலர். அதில் பேச்சி அத்தையின் கை.

ஆமாம், நான் வரைந்த அந்தப் படமேதான். மல்லிகைச் சரத்தை முழங்கையிலிருந்து நுனிவிரல்வரை இழுத்து முழம் போடுகிற கை. ஷட்டரில் நசுங்கி, வைத்தியம் பார்க்காமலே விட்டதில் அத்தைக்குச் சுண்டுவிரல் நடு மூட்டில் உள்பக்கமாக மடங்கியிருக்குமே, அதுவும் அப்படியே இருக்கிறது. சரத்தைத் திருப்பிப் போட்டிருக்கிறார்கள். வளையலை எடுத்துவிட்டார்கள். விரலை மட்டும் யாரும் கவனிக்கவில்லை. வீட்டுக்கு வந்து எண்ணினேன், முன்பக்கத்தில் மட்டும் 64 கை. விலை 380 ரூபாய். பில்லோடு பத்திரமாக வைத்திருக்கிறேன்.

லேபிளில் இருந்த நம்பருக்குப் போன் போட்டேன். "மதுரைன்னா மல்லி, மல்லின்னா முழம் போடுற கை, இதெல்லாம் பொது டிசைன் மேடம்" என்றார் ஒருவர். நெட்டில் கிடைத்ததாம். மல்லி பொதுதான் சுமதி, முழம் போடுவதும் பொதுதான். பூ அளக்கிற கையை நாளைக்கு யார் வேண்டுமானாலும் வரையட்டும், நான் சந்தோஷமாகப் பார்ப்பேன். அத்தையின் விரல் எப்படிப் பொதுவாகும்? அதை வரைய மூன்று நாள் காலை நான்கு மணிக்கு மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டில் அவள் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன்.

கணேசன் சார் மகள் இப்போது வக்கீல். அவளிடம் போனேன். வரைந்த நிமிஷமே படத்துக்குப் பதிப்புரிமை வந்துவிடுகிறது, பதிவுகூடத் தேவையில்லை, நான் இருக்கும்வரைக்கும் அதற்குப் பிறகு 60 வருஷமும் என்றாள். எனக்கு உயிர் வந்தது. அப்புறம், "அக்கா, இதை வைத்து நீங்கள் ஏதாவது விற்றீர்களா?" என்று கேட்டாள். துணிப்பை போட்டேனே, நீகூட இரண்டு வாங்கினாயே. எத்தனை என்றாள். 120 என்றேன். பேனாவைக் கீழே வைத்துவிட்டாள்.

1957 பதிப்புரிமைச் சட்டத்தில் 15ஆவது பிரிவு என்று ஒன்று இருக்கிறது. டிசைனாகப் பதிவு செய்திருக்கக்கூடிய ஒன்றைப் பதிவு செய்யாமல் விட்டு, அதைப் போட்ட பொருளைத் தொழில்முறையில் 50க்கு மேல் செய்துவிட்டால் அந்த டிசைனில் பதிப்புரிமை போய்விடும். நாமே செய்தாலும் அப்படித்தான். அப்படியானால் முன்பே பதிவு செய்திருக்க வேண்டியதுதானே என்பாய். அதற்கு ஊருக்குக் காட்டும் முன்பே விண்ணப்பித்திருக்க வேண்டும். நானோ மை காய்ந்ததும் இன்ஸ்டாகிராமில் போட்டுவிட்டேன். படத்தை நாலு பேருக்குக் காட்டித்தானே எங்களைப் போன்றவர்கள் பிழைக்கிறோம்? காட்டினால் பதிவு போச்சு, காட்டாவிட்டால் வேலையே இல்லை. இதை நினைத்து இரண்டு ராத்திரி தூங்கவில்லை.

வழி இல்லாமல் இல்லை. 2019இல் தேதி போட்டு நோட்டில் வரைந்தது, பை அதற்கு ஒரு வருஷம் கழித்து வந்தது. தனிப் படமாகவே பிறந்தது என்று வாதாடலாமாம். படைப்பு தனிக் கலைப்படைப்பா, பொருளில் போடுவதற்காக அதிலிருந்து எடுத்த டிசைனா என்று முதலில் பார்க்கச் சொல்லி 2025 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொல்லியிருக்கிறதாம். வழக்கை மதுரையிலேயே போடலாம், அவர்கள் ஊருக்கு அலைய வேண்டாம்.

டெல்லிக்குப் போனபோது பீப்பிள் ட்ரீ கடையில் நீ எதையும் வாங்காமல் எல்லாவற்றையும் தடவிப் பார்த்துக்கொண்டே நின்றாயே, அவர்களுக்கும் இதே கதைதான். ஓரிஜித் சென் வரைந்த யோகாசன உருவங்கள், ராஜஸ்தானில் மண் பூசிக் கட்டையால் அச்சடித்த துணி. 2018 ஜனவரியில் எல் இந்தியா என்ற ஃபேஷன் பத்திரிகையின் அட்டையில் நடிகை சோனம் கபூர் போட்டிருந்த, டியோர் என்ற பிரெஞ்சு ஃபேஷன் கம்பெனியின் உடையில் அதே உருவங்கள் இருந்தன. பெரிய சத்தமாகி, கடைசியில் நீதிமன்றத்துக்கு வெளியே சமரசம் பேசி டியோர் பணம் கொடுத்தது. அட்டைப்படத்தில் வந்ததால் ஊரே இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தது. இந்த 380 ரூபாய் நைட்டியை யார் அட்டையில் போடப்போகிறார்கள்?

உனக்கு எழுதுவதற்குக் காரணம் இதுதான். நீ திருப்பூரில் இருக்கிறாய், பிரிண்டிங் யூனிட்டிலேயே இருக்கிறாய். டிசைன் ரூமில் பையன்கள் படத்தைக் கம்ப்யூட்டரில் ஏற்றி, துணி முழுக்கத் திரும்பத் திரும்ப வரும்படி ரிப்பீட் போட்டு, கலருக்கு ஒரு ஸ்கிரீனாகப் பிரிப்பார்கள் என்று நீதான் சொன்னாய். அந்த மேஜையில் யாராவது, "தம்பி, இது யார் வரைந்தது?" என்று கேட்கிறார்களா? நீ கேட்டிருக்கிறாயா? திட்டுவதாக நினைக்காதே. பார்ட்டி கொண்டுவந்து கொடுத்தால் அடித்துக் கொடுப்பதுதான் உங்கள் வேலை, தெரியும். ஆனாலும் உன்னைக் கேட்காமல் நான் யாரைக் கேட்பது? இந்தப் பிரிண்ட் எங்கே ஓடியது என்று விசாரித்துச் சொல். துணியின் ஓரத்தையும் கலரையும் போட்டோ எடுத்து அனுப்புகிறேன், நீ பார்த்தால் பிடித்துவிடுவாய்.

நைட்டியை அத்தையிடம் கொண்டுபோய்க் காட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வெகுநேரம் பார்த்தாள். தன் விரலை அந்த விரல்மேல் வைத்துப் பார்த்தாள். "என் கைதாண்டி" என்று சிரித்துவிட்டு, "பொங்கலுக்கு இதையே உடுத்திக்கிறேன், விட்டுட்டுப் போ" என்றாள். இது சாட்சி அத்தை, தர முடியாது என்று சொல்லிப் பிடுங்கிக்கொண்டு வந்தேன். பணம் கொடுத்து இன்னொன்று வாங்கிக் கொடுக்கவும் மனசு வரவில்லை. என்ன செய்வதென்று தெரியாமல் இருக்கிறேன். போட்டோ கிடைத்ததும் போன் பண்ணு.

உன்
ஜெயா