கௌரிக்கு, நீ எழுதாம விட்ட சில்வியா சாங் கட்டுரை பத்தி

கௌரி,

முடிவு பண்ணிட்டேன்டி, நான் ஊருக்கு வரல. தைவான்லயே, நம்ம ஷின்சூலயே வேலைக்கு கையெழுத்து போட்டாச்சு. அம்மாகிட்ட சொல்லிட்டேன், அடுத்து உன்கிட்டதான் சொல்லணும்னு இருந்தேன், ஆனா வாட்ஸப்ல சொன்னா நீ ஒரு கட்டைவிரல் அனுப்பிட்டு போயிடுவ, அத பாக்குற தெம்பு எனக்கு இல்ல, அதான் இங்க எழுதுறேன். நம்ம லேப் பசங்க படிப்பாங்க, உங்க வீட்டு அண்ணனும் படிப்பாரு (வணக்கம்ணா, நல்லா இருக்கீங்களா), அதனால சிலத எழுத மாட்டேன், நீயே புரிஞ்சுக்கோ.

ஏன் வரலன்னு உனக்கு தெரியும். அத விடு. போன ஞாயித்துக்கிழமை 'டாட்டர்ஸ் டாட்டர்' பாத்தேன். எழுபது தாண்டுன தைவான் நடிகை சில்வியா சாங். நியூயார்க்ல விபத்துல மக செத்துப்போறா, அவ விட்டுட்டு போன கரு அங்க உறைய வச்சிருக்கு, அத என்ன பண்றதுன்னு இந்தம்மா முடிவு பண்ணணும். ஹுவாங் ஷீ எடுத்த படம், 2024. அழுவாங்கன்னு நெனச்சு உக்காந்திருந்தேன், இந்தம்மா எரிஞ்சு விழுறாங்க. ஆஸ்பத்திரி, பேப்பர், பெரிய மக, எல்லாத்து மேலயும் எரிச்சல். துக்கத்துல மனுஷங்க இப்படித்தான கடுகடுன்னு இருப்பாங்க, சினிமாவுல யாரு காட்டுறா? படம் பாதியில உன் ஞாபகம் வந்துருச்சு, கோவமும் வந்துருச்சு. ஏன்னா இந்தம்மா பத்தி எழுதுறேன்னு சொன்னது நீ. பைல் பூரா நோட்ஸ் வச்சிருந்தது நீ. சைனீஸ் ஒரு வார்த்தை ஒழுங்கா பேச வராதப்பவே இவங்க பாடுன 'துங்நியென்' பாட்ட முழுசா மனப்பாடம் பண்ணி க்ளீன்ரூம்ல மாஸ்க்குக்குள்ள பாடிக்கிட்டே திரிஞ்சதும் நீதான்.

அந்த பாட்டு பத்தி நீ சொன்னத இன்னைக்கும் ஒத்துக்கிறேன். டாக்டருக்கு படிச்ச லோ தாயூ எழுதுன பாட்டு, அவரே பாடுனதுதான் பெருசுன்னு இங்க எல்லாரும் சொல்லுவாங்க, ஆனா 1981ல மொதல்ல பாடுனது சில்வியாதான், அவர் ஆல்பம் அடுத்த வருஷம்தான் வந்துச்சு. பெரிய கொரல் ஒண்ணும் கெடையாது, மேல போனா மெலிஞ்சிரும். பக்கத்துல உக்காந்து பேசுற மாதிரி பாடுவாங்க, அதான் பலம். 1992ல ஜொனாதன் லீ எழுதுன 'ஐ த தாய்ஜியா'வும் அப்படித்தான், இங்க கேடிவிக்கு (கரோக்கி பாடுற எடம்) போனா யாராவது ஒருத்தர் அத பாடாம வீட்டுக்கு போறதில்ல, நம்ம லேப்ல அந்த தடியன் கூட பாடுவான்.

ஆனா நீ சொன்ன இன்னொண்ண ஒத்துக்க மாட்டேன். 'நடிகைக்கு முப்பத்தஞ்சு தாண்டுனா வேலை இல்ல, அதான் இந்தம்மா டைரக்டர் ஆயிட்டாங்க'ன்னு சொன்ன பாரு, அது. எனக்கு அப்பவே ஒறுத்துச்சு, பதில் சொல்ல விஷயம் தெரியல. இப்ப தெரியும். 1981 எடுத்துக்கோ. அந்த வருஷந்தான் 'மை கிராண்ட்ஃபாதர்'க்கு தங்கக் குதிரை விருது (தைவானோட பெரிய சினிமா விருது), சிறந்த நடிகை. வயசு 28. அதே வருஷம் பாட்டு ஆல்பம். அதே வருஷம் டிவியில 'லெவன் விமன்' தொடர தயாரிச்சாங்க. வேலை இல்லாதவ பண்ற வேலையா இது? ஊரே கூப்பிட்டுக்கிட்டு இருந்த நேரத்துல போய் புதுப் பசங்களுக்கு படம் எடுக்க குடுத்தாங்க. அதுல ஒருத்தர்தான் எட்வர்ட் யாங். நம்ம சியாவ்துங் யுனிவர்சிட்டில படிச்ச எஞ்சினியர்டி. அமெரிக்காவுல கம்ப்யூட்டர் வேலை பாத்துட்டு சினிமா வேணும்னு திரும்பி வந்த முப்பத்தி சொச்ச வயசு ஆளு. அவர நம்பி ஒரு எபிசோட் குடுத்தது இந்த பொண்ணு. ரெண்டு வருஷத்துல அவரோட மொத முழுப் படத்துல அவங்களே ஹீரோயின்.

அந்த படம்தான். எழுத வேணாம்னுதான் இருந்தேன்.

டைபூன் லீவு ஞாபகம் இருக்கா. மொத நாள் ராத்திரி சிட்டி கவர்மென்ட் நாளைக்கு ஆபீஸ் இல்ல காலேஜ் இல்லன்னு அறிவிச்சதும் ஹாஸ்டலே கத்துச்சு, நாம செவன் லெவன் போனா ரேக்ல நூடுல்ஸ் கூட இல்ல, கடைசில பிஸ்கட்டும் சோயா பாலும் வாங்கிட்டு வந்தோம். ஷின்சூ காத்து சாதாரண நாள்லயே ஆள தள்ளும், அன்னைக்கு ஜன்னல் கண்ணாடியே மூச்சு விட்டுச்சு. நீ உன் ரூம் கதவ சாத்திட்டு லேப்டாப்ப அரிசி டப்பா மேல வச்சு 'தட் டே, ஆன் த பீச்' போட்ட. 166 நிமிஷம், கரண்ட் போனாலும் போகும்னு சார்ஜ் பாத்துக்கிட்டே இருந்த. கிறிஸ்டபர் டாயில் கேமரா புடிச்ச மொத படம்னு ஆரம்பத்துலயே சொல்லிட்ட, ஒவ்வொரு பிரேமுக்கும் நிறுத்தி நிறுத்தி லெக்சர் வேற. ரெண்டு பொண்ணுங்க பதிமூணு வருஷம் கழிச்சு ஒரு காபி கடையில பாத்து பேசிக்கிறாங்க, பேச்சுக்குள்ள பேச்சு, அதுக்குள்ள இன்னொரு பழைய நாள், எனக்கு மொதல்ல தலையும் புரியல வாலும் புரியல.

அப்பறம் ஜியா-லி, அதான் சில்வியா பண்ணுன பொண்ணு, வீட்ட விட்டு போற எடம். அப்பா டாக்டர், ஜப்பான் பாணி வீடு, அப்பா பாத்து வச்ச மாப்பிள்ளை வேணாம்னு இருட்டுலயே கெளம்புறா. சில்வியா சாங் அதுல ஒண்ணுமே பண்ண மாட்டாங்க. அழுகை இல்ல, திரும்பி பாத்து உருகுறது இல்ல. நீ அந்த எடத்துல பாஸ் பண்ணுன. உன் போன் அன்னைக்கு காலையிலேர்ந்து அடிச்சுக்கிட்டு இருந்துச்சு, நீ எடுக்கல, யாருன்னு எனக்கு தெரியும், இங்க எழுத மாட்டேன். ஸ்கிரீன பாத்துக்கிட்டே கேட்ட: 'நீயா இருந்தா போவியா?'

நான் 'ப்ளே பண்ணுடி'ன்னேன்.

நீ ப்ளே பண்ணல. 'நான் ஜியா-லி இல்ல, நான் அவளோட அண்ணன்'னு சொன்ன. அப்பா சொன்ன பொண்ண கட்டிக்கிட்டு, புடிச்சவள விட்டுட்டு, வீட்டோட இருந்தானே, அந்த அண்ணன். நான் சிரிச்சேன். நிஜமாவே ஜோக்குன்னு நெனச்சேன், ஏன்னா நீ எங்க ஹாஸ்டல்லயே பெரிய வாய்க்காரி, கைடுகிட்டயே எதிர்த்து பேசுனவ, நீ போய் அந்த பூஞ்சை மனுஷனா? அதுக்கப்பறம் நீ ஒண்ணும் பேசல, படம் ஓடுச்சு, ஜியா-லி புருஷன் கடல்ல செத்தானா இல்ல காச எடுத்துட்டு ஓடிட்டானான்னு கடைசி வரைக்கும் சொல்லல, நான் வேற 'என்னடி இது முடிவே இல்ல'ன்னு கத்துனேன்.

நான் என்ன சொல்லியிருக்கணும்? இத பல தடவ யோசிச்சிருக்கேன். 'போகாத'ன்னு சொல்ல எனக்கு என்ன உரிமை இருந்துச்சு, உங்க அம்மா நெலம என்னன்னு எனக்கு முழுசா தெரியாது, என் ஸ்டைபண்டே ரெண்டு மாசமா வரல, என் பேப்பர் ரிஜெக்ட் ஆகி கெடந்துச்சு, நானே எப்ப கெளம்பலாம்னு இருந்தவ. அப்பிடி இருந்தும் அந்த சிரிப்புக்கு மன்னிச்சுக்கோ. சிரிப்புக்கு மட்டும். மத்ததுக்கு கேக்க மாட்டேன், ஏன்னா நீ என்கிட்ட பேசுனதே அந்த ஒரு வரிதான், அதையும் சினிமாவ சாக்கா வச்சு பேசுன, அடுத்த வாரம் டிக்கெட் போட்டுட்டு வந்து நிக்கிற. அரிசி டப்பாவ என் ரூம் வாசல்ல வச்சுட்டு போயிட்ட. அத நான் ஒரு வருஷம் தொடல, அப்பறம் வண்டு விழுந்துருச்சு.

சரி. கட்டுரைக்கு வர்றேன், இல்லன்னா இது வேற எங்கயோ போகும்.

அந்த படத்துக்கு முந்தின வருஷம் சில்வியா என்ன பண்ணிக்கிட்டு இருந்தாங்கன்னு பாரு. ஹாங்காங்ல 'ஏசஸ் கோ பிளேசஸ்', சாம் ஹூய், கார்ல் மாக்காவோட, விறைப்பான போலீஸ்காரியா அடிதடி காமெடி. அதுக்கு முன்னாடி டைரக்டர் கிங் ஹூ படம், ஆன் ஹூய்யோட மொத படம் 'த சீக்ரெட்'. அப்பறம் 166 நிமிஷம் காபி கடை. இந்த படியில ஏறுனா அந்த படிக்கு போகக் கூடாதுன்னு அவங்களுக்கு யாரும் சொல்லல போல, சொல்லியிருந்தாலும் காதுல வாங்கியிருக்க மாட்டாங்க. 1986ல 'பேஷன்'. எழுதி, இயக்கி, நடிச்சு, அதுக்கே ரெண்டாவது தடவ சிறந்த நடிகை. அதுலயும் ரெண்டு தோழிங்க, வருஷம் போனப்பறம் உக்காந்து ஒருத்தனப் பத்தி பேசுறாங்க. நீ இத உன் நோட்ஸ்ல ஒரு வரியில எழுதி ரெண்டு கோடு போட்டிருந்த: 'யாங்கோட படத்துல கேட்டுக்கிட்டா, இதுல அவளே கேள்வி கேக்குறா.' அந்த ஒரு வரிக்காகவே நீ அந்த கட்டுரைய எழுதி முடிச்சிருக்கணும். ஏன் எழுதல?

பதில் தெரியும். கொழந்த, ஸ்கூல் வேலை, உங்க அத்தைக்கு முடியல. நான் அத கொறையா சொல்லல. ஆனா போன தீபாவளிக்கு பேசுறப்ப நீ 'அதெல்லாம் உன்ன மாதிரி ஃப்ரீயா இருக்கறவங்களுக்கு'ன்னு சொன்ன பாரு. ஃப்ரீயா? ராத்திரி ஒரு மணிக்கு குவாங்ஃபூ ரோட்ல தனியா சைக்கிள்ல வந்து, காய்ச்சல்னா கஞ்சி வைக்க ஆள் இல்லாம, பேசுற ஒவ்வொரு வாக்கியத்தையும் தலைக்குள்ள கோத்து வச்சுக்கிட்டு பேசுறேன்டி நான். ஃப்ரீயாம்.

1995ல 'ஷாவ் யூ' எடுத்தாங்க. நியூயார்க்ல விசா இல்லாம தவிக்கிற பொண்ணு, கிரீன் கார்டுக்காக ஒரு கெழவன கல்யாணம் பண்ணிக்கிறா. டைரக்டர் ஆங் லீயும் சேந்த படம். ரெனே லியூங்கிற புதுப்பொண்ண அதுல கொண்டாந்தாங்க, அந்த பொண்ணும் பின்னாடி பாட்டு, நடிப்பு, டைரக்ஷன்னு அதே ரூட்ல போச்சு. 2004ல '20 30 40'. ஒரே தைபேயில மூணு வயசுல மூணு பொண்ணுங்க, மலேசியாவுலேர்ந்து பாடகியாக வர்றவ ஒருத்தி, ஏர்ஹோஸ்டஸ் ஒருத்தி, பூக்கடைக்காரி ஒருத்தி, நாப்பதுக்கு இவங்களே. நீ இருவதுக்காரிய புடிச்சிக்கிட்ட, நாப்பது கதை வந்தா ஓட்டிவிட்ட. எனக்கும் அப்ப அந்தம்மா அசடு மாதிரிதான் தெரிஞ்சாங்க. புருஷனுக்கு இன்னொரு குடும்பம் இருக்குன்னு தெரிஞ்சப்பறம் அவங்க பண்றதெல்லாம் கோமாளித்தனம். வேணும்னே அப்படி நடிச்சிருக்காங்க. தன் வயசுக்கு கம்பீரமான ரோல் எழுதிக்கிற அதிகாரம் கையில இருந்தும் எழுதிக்கல, இப்ப பாத்தா அதுதான் பெரிய தைரியமா தெரியுது.

2017ல 'லவ் எஜுகேஷன்', தாத்தா கல்லறைய எடம் மாத்துற தகராறு, புருஷனா நடிக்க டைரக்டர் தியான் ஜுவாங்ஜுவாங்கயே கூட்டிட்டு வந்தாங்க. அதுல ரிட்டயர் ஆகப்போற டீச்சர், வீட்டுல ஒரு நிமிஷம் சும்மா இருக்க மாட்டா, எல்லாத்தையும் தானே சரி பண்ணணும். உன்ன அப்படியே பாத்த மாதிரி இருந்துச்சு. (கோச்சுக்காத. நல்ல கேரக்டர் அது.)

அப்பறம் 2022. 'எ லைட் நெவர் கோஸ் அவுட்', ஹாங்காங்ல நியான் போர்டு செய்யுற மனுஷன் செத்துப்போறான், பொண்டாட்டி அவன் பட்டறைய தொறக்குறா. மூணாவது தங்கக் குதிரை, சிறந்த நடிகை, 69 வயசுல. ரெண்டாவதுக்கும் மூணாவதுக்கும் நடுவுல 36 வருஷம். அந்த 36 வருஷத்துல அவங்க எங்கயும் காணாம போயிடல, எழுதுனாங்க, எடுத்தாங்க, அந்த விருதுக் குழுவுக்கே கொஞ்ச வருஷம் தலைவரா இருந்தாங்க, ஆங் லீக்கு முன்னாடி. படம் எடுத்தது மொதப் பட டைரக்டர், ஒரு பொண்ணு. ஆன் ஹூய்க்கு மொதப் படம், யாங்குக்கு மொதப் படம், இங்கயும் மொதப் படம். நாப்பது வருஷமா மொதப் படக்காரங்க கதவ இந்தம்மாகிட்டதான் தட்டுறாங்க. இது உன் நோட்ஸ்ல இல்ல, நானா கண்டுபுடிச்சது, கட்டுரையில சேத்துக்கணும்னா சேத்துக்கோ.

உனக்கு பாடம் எடுக்குறேன்னு நெனைக்காத. அவங்க வசதி வேற, அந்த ஊரு வேற, உன் வீடு வேற, எனக்கு தெரியாதா. இத படிக்கிற யாரும் வந்து 'பெண்ணே எழுந்திரு'ன்னு ஆரம்பிக்காதீங்க, தயவு செஞ்சு. எனக்கு ஒரு கட்டுரை வேணும், அவ்ளோதான், நீ எழுதுனது, உன் கோணவாய் கமெண்ட்டோட. நான் எழுதுனா இப்படி தேதி தேதியாத்தான் வருது பாரு.

இன்னொண்ணு. அந்த அண்ணன் பத்தி. போன ஞாயித்துக்கிழமை ராத்திரி வீட்டுக்கு வந்து அந்த படத்த மறுபடி போட்டேன், அவன் வர்ற எடங்கள மட்டும் பாத்தேன். பூஞ்சை இல்லடி அவன். அவனுக்குன்னு யாங் ஒதுக்கியிருக்குற நேரம் கொஞ்சம்தான், ஆனா காபி கடையில அவங்க ரெண்டு பேரும் பேச ஆரம்பிக்கிறதே அவன வச்சுத்தான். இத அன்னைக்கே கவனிச்சிருந்தா சிரிச்சிருக்க மாட்டேன், ஆனா சொல்றதுக்கு அப்பவும் என்கிட்ட ஒண்ணும் இருந்திருக்காதுன்னுதான் தோணுது.

உன் ஹார்ட் டிஸ்க் என்கிட்டதான் இருக்கு. நோட்ஸ் பைல மெயில்ல அனுப்பியிருக்கேன், பழைய ஐடிக்கு, பாஸ்வேர்ட் மறந்துட்டேன்னு சொல்லாத. 'டாட்டர்ஸ் டாட்டர்' கெடைச்சா பாரு, பாத்துட்டு திட்டணும்னா போன்ல திட்டு, கட்டைவிரல் வேணாம். இங்க ரெண்டரை மணி நேரம் முன்னாடி ஓடுது, உங்க அத்தை தூங்குனப்பறம் எட்டரைக்கு பண்ணுனா எனக்கு பதினொண்ணு, முழிச்சுத்தான் இருப்பேன்.

- உன் பக்கத்து ரூம்காரி