வவுனியாவில் ஒரு நிறுத்தம்

பருத்தித்துறை

அன்புள்ள தோழிக்கு,

உம்முடைய நீண்ட கடிதம் போன கிழமை கிடைத்தது. மகள் அங்கே நோர்வேயில், துரொன்ஹெய்மில் படிப்பை முடித்து வேலையும் எடுத்துவிட்டாள் என்ற செய்தியை அம்மாவுக்கு இரண்டு தரம் வாசித்துக் காட்டினேன். எங்கள் கிணற்றடியில் நின்று வாளிக் கயிற்றைப் பிடித்து இழுத்த பிள்ளையா என்று கேட்டு நெடுநேரம் சிரித்தார். அவருக்கு முழங்கால் நோ இன்னும் குறையவில்லை. மற்றப்படி இங்கே எல்லோரும் சுகம்.

சரி, நீர் கேட்ட விஷயத்துக்கு வருகிறேன். ஓய்வு எடுத்துக்கொண்டு நெல்லியடிக்கே வந்துவிடப் போகிறோம், வந்ததும் ஒரு மின்சாரக் கார் வாங்க வேண்டும், 60 யூனிட் பற்றரி உள்ளதை எடுப்பதா, 45 யூனிட் காணுமா என்று கேட்டிருந்தீர். கொழும்புக்கு ஒரே ஓட்டமாகப் போக வேண்டும் என்று உம்முடைய அவர் நிற்கிறார் என்றும் எழுதியிருந்தீர். விளம்பரங்களில் கிலோவாட் மணி என்று போடுவது எங்கள் கரண்ட் பில்லில் வரும் அதே யூனிட்தான், ஆகவே நான் யூனிட்டிலேயே எழுதுகிறேன்.

நான் 45 யூனிட் பற்றரிக் கார்தான் ஓட்டுகிறேன். பருத்தித்துறையிலிருந்து யாழ்ப்பாணம் 33 கிலோமீற்றர், வேலைக்குப் போய்வர 66. எங்கள் றோட்டில், எங்கள் வேகத்தில், 100 கிலோமீற்றருக்கு 14 யூனிட் போகிறது. அப்படிப் பார்த்தால் ஒரு நாளைக்கு 9 யூனிட். வீட்டுச் சுவரில் இருக்கும் சாதாரண மூன்று முனைச் சொக்கற்றில் 10 அம்பியரில் செருகி விட்டாலே நாலு மணித்தியாலத்தில் அது ஏறிவிடும். உமக்கு நெல்லியடியிலிருந்து இதைவிடக் குறையும். குடாநாட்டுக்குள் காங்கேசன்துறை, காரைநகர், சாவகச்சேரி என்று எங்கே போனாலும் ஏற்றமும் இல்லை, இறக்கமும் இல்லை, பெரிய தூரமும் இல்லை. இங்கே ஓடுவதற்கு 45 யூனிட் தாராளம். அதற்கு மேல் காசு கொடுத்தால், வருஷத்தில் நாலைந்து தரம் போகும் கொழும்புக்காக ஒவ்வொரு நாளும் பாரம் சுமந்து திரிவதாகத்தான் முடியும்.

அவரிடம் கொழும்புக் கணக்கையும் காட்டும். யாழ்ப்பாணத்திலிருந்து கிட்டத்தட்ட 400 கிலோமீற்றர். 14 யூனிட்படி 56 யூனிட் வேண்டும். பற்றரியை அடியொட்டக் காய விடக்கூடாது, 15 வீதமாவது கையில் இருக்க வேண்டும். 60 யூனிட் கார் 9 யூனிட்டை ஒதுக்கினால் மிஞ்சுவது 51, அது காணாது. ஆகவே பெரிய கார் வாங்கினாலும் இடையில் ஒரு தரம் நிறுத்தத்தான் வேண்டும். 45 யூனிட் காரும் ஒரு தரம்தான் நிறுத்த வேண்டும். வித்தியாசம் நிற்கும் நேரத்தில்தான். பெரியதற்கு இன்னும் 5 யூனிட் ஏற்றினால் சரி, சின்னதற்கு 18 யூனிட் வேண்டும். 50 கிலோவாட் வேகச் சார்ஜர் என்றால் அரை மணித்தியாலம். யாழ்ப்பாணத்திலிருந்து ஒரே மூச்சாகக் கொழும்புக்கு ஓடுகிறவர்கள் யார்? வவுனியாவிலோ தம்புள்ளையிலோ இறங்கிச் சாப்பிட அரை மணித்தியாலத்துக்கு மேல் எடுப்பதுதானே எங்கள் வழக்கம்.

எங்கே நிறுத்துவது என்பதில்தான் யோசனை வேண்டும். முறிகண்டியில் எல்லோரும் இறங்குகிறோம், பிள்ளையாருக்குத் தேங்காய் உடைக்கிறோம், கச்சான் வாங்குகிறோம். ஆனால் தெற்கே போகும்போது அங்கே சார்ஜ் போட அவ்வளவு பிரயோசனம் இல்லை, பற்றரி இன்னும் பாதிக்கு மேல் நிறைந்திருக்கும். பற்றரி நிறைய நிறைய ஏறும் வேகம் குறைந்துகொண்டே போகும், 80 வீதத்துக்கு மேல் மிகவும் மெதுவாகிவிடும். வவுனியா 140 கிலோமீற்றர், தம்புள்ளை 250. இந்த இரண்டில் ஓரிடத்தில் நிறுத்துவதுதான் எனக்குச் சரியாகப் படுகிறது. வவுனியாவில் 18 யூனிட் ஏற்றினால் 80 வீதத்தைத் தாண்டும், அரை மணித்தியாலத்தைவிடக் கொஞ்சம் கூட எடுக்கும், ஆனாலும் நான் வவுனியாவையே விரும்புவேன். அங்கே நினைத்த இடத்தில் சார்ஜ் கிடைக்காவிட்டாலும் அடுத்த இடம் வரை போகக் கையில் இருக்கும். தம்புள்ளையில் அப்படி நடந்தால் மனம் பதைக்கும்.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், அந்தப் பாதையில் ஓரிடத்தில் எங்களுக்கு அது நடந்தது. கைத்தொலைபேசியில் சார்ஜர் வேலை செய்கிறது என்று பச்சை காட்டியது. போய் நின்றால் திரை இருட்டு. பொறுப்பானவரைத் தேடினால், திருத்த ஆள் வர வேண்டும் என்றார்கள், எப்போது என்று அவர்களுக்கே தெரியாது. ஏசியை நிறுத்திக்கொண்டு 60இல் ஊர்ந்து அடுத்த ஊருக்குப் போய்ச் சேர்ந்தோம். பின் சீற்றில் அம்மா வேர்த்து விறுவிறுத்து இருந்ததை நினைத்தால் இன்னும் கோபம் வருகிறது. சார்ஜரைத் திறந்து வைக்கும்போது படம் எடுக்க வருகிறவர்கள், ஆறு மாதம் கழித்து அது வேலை செய்கிறதா என்று பார்க்கவும் வர வேண்டும். ஆகவே எப்போதும் இரண்டு இடங்களைக் குறித்து வைத்துக்கொள்ளும், வெளிக்கிட முன் இரண்டுக்கும் தொலைபேசி எடும்.

இன்னொன்று, சார்ஜர் என்று பலகை போட்ட எல்லாமே வேகச் சார்ஜர் இல்லை. 22 கிலோவாட் என்று எழுதியிருக்கும், ஆனால் அது வீட்டுக் கம்பியில் வருவது போன்ற மாறுதிசை மின்சாரமாக இருந்தால் காருக்குள் இருக்கும் சார்ஜர் எவ்வளவு எடுக்குமோ அவ்வளவுதான் ஏறும். எங்கள் கார் 7 கிலோவாட்டுக்கு மேல் எடுக்காது. 18 யூனிட்டுக்கு இரண்டரை மணித்தியாலம். பிளக்கையும் பாரும். இப்போது வரும் கார்களில் பெரும்பாலும் சிசிஎஸ் 2, பழைய நிசான் லீஃபுக்கு சாடெமோ. ஒன்று மற்றதில் பொருந்தாது.

லீஃபைப் பற்றியும் கேட்டிருந்தீர். பக்கத்து வீட்டில் ஒன்று நிற்கிறது, 24 யூனிட் பற்றரி, ஜப்பானில் ஓடி முடித்து இங்கே வந்தது. ஒரு தரம் முழுதாக ஏற்றினால் ஓடும் என்று கம்பனி சொல்லும் தூரத்தை அப்படியே நம்பாதேயும் என்று நான் சொல்வதற்கு அந்தக் கார்தான் நல்ல உதாரணம். முதல் வந்த லீஃபுக்கு ஜப்பான் கணக்கில் 200 கிலோமீற்றர், அமெரிக்கக் கணக்கில் 117. பிறகு வந்த 40 யூனிட் லீஃபுக்கு ஜப்பானில் 400, அமெரிக்காவில் 243. ஒரே கார், சோதிக்கும் முறைதான் வேறு. போதாததற்கு அந்தக் காரின் பற்றரியைக் குளிர்விக்க வெளிக்காற்றை விட்டால் வேறு ஏற்பாடு இல்லை, எங்கள் வெக்கைக்கு அது சீக்கிரம் தேயும். டாஷ்போர்டில் பற்றரியின் ஆரோக்கியத்துக்குப் பன்னிரண்டு கோடு இருக்கும். முதல் கோடு போனாலே ஏறத்தாழ 15 வீதம் போய்விட்டது என்று அர்த்தம். விலை மலிவு என்று யாராவது காட்டினால் முதலில் கோட்டை எண்ணும். ஆனால் அந்த வீட்டு ஆசிரியர் மூன்று கோடு போன அந்தக் காரில்தான் ஒவ்வொரு நாளும் யாழ்ப்பாணம் போய்வருகிறார், மாலையில் பிள்ளைகளை வகுப்புக்கும் ஏற்றி இறக்குகிறார். இந்த ஊருக்கு எவ்வளவு பற்றரி வேண்டும் என்பதற்கு அதைவிடச் சாட்சி வேண்டுமா?

உங்கள் ஊரில் குளிர்காலத்தில் தூரம் குறைகிறது என்று எழுதியிருந்தீர். இங்கே அந்தப் பிரச்சினை இல்லை. ஏசி மணித்தியாலத்துக்கு ஒரு யூனிட் எடுத்தால் ஏழு கிலோமீற்றர் குறையும், அவ்வளவுதான். வேகம்தான் கூடத் தின்னும். காற்றின் எதிர்ப்பு வேகத்தின் வர்க்கத்தோடு கூடுவது, 70இல் போவதற்கும் 100இல் போவதற்கும் அது இரண்டு மடங்காகிவிடும். யாழ்ப்பாணத்திலிருந்து தெற்கே போகும் ஏ9 வீதியில் ஊர்மனை இல்லாத இடத்திலும் 70தான் எல்லை, அதை மதித்து ஓடினாலே பற்றரி மிஞ்சும். ஆனால் ஆடி, ஆவணியில் ஆனையிறவு வெளியில் சோழகம் என்ற தென்மேற்குக் காற்று எதிர்த்து அடிக்கும்போது நீர் 70இல் போனாலும் காருக்கு அது 90 மாதிரித்தான். அந்த மாதங்களில் தெற்கே போகும்போது கொஞ்சம் கூடவே ஏற்றிக்கொண்டு வெளிக்கிடும். வெக்கை பற்றரியைக் கெடுப்பது அன்றன்றைக்குத் தெரியாது, வருஷக் கணக்கில்தான் தெரியும். வேப்பமர நிழலில் விடும், முழுதாக ஏற்றிய காரை வெயிலில் நாள்கணக்கில் விட்டு வைக்காதேயும். லித்தியம் இரும்பு பொஸ்பேட் பற்றரி என்றால் இதில் தாக்குப்பிடிக்கும், கிழமைக்கு ஒரு தரம் 100 வரை ஏற்றவும் சொல்கிறார்கள். இல்லாவிட்டால் வீதம் காட்டும் கணக்குப் பிழையாகிவிடும்.

அப்புறம் வீட்டு வயரிங். கார் விலையைவிட இதைப் பற்றித்தான் உம்மிடம் அதிகம் சொல்ல வேண்டியிருக்கிறது. எங்கள் பக்கத்தில் பெரும்பாலான வீடுகளுக்கு ஒற்றைக்கட்ட 30 அம்பியர் இணைப்புத்தான். விற்கிறவர்கள் தரும் 7 கிலோவாட் சுவர்ச் சார்ஜர் 32 அம்பியர் இழுக்கும். தண்ணீர் மோட்டரும் அயன் பெட்டியும் சேர்ந்தால் என்ன ஆகும்? சார்ஜரை 16 அம்பியரில் வைத்தால் காணும். இரவு 10.30இலிருந்து காலை 5.30 வரை செருகி விடும். அந்த ஏழு மணித்தியாலத்தில் 25 யூனிட் ஏறும், 180 கிலோமீற்றர் ஓடலாம். ஆனால் அதற்கென்று மீற்றரிலிருந்து தனிக் கம்பி இழுக்க வேண்டும், தனி ட்ரிப் சுவிட்ச் வேண்டும். உங்கள் மாமா கட்டிய வீடு பழையது, அந்தச் சொக்கற்றுகளில் மணிக்கணக்காகப் 10 அம்பியர் ஓடினால் பிளக் உருகும். எர்த்தையும் கட்டாயம் பார்க்க வேண்டும். மேலே நாலு அடி மண், கீழே சுண்ணாம்புக்கல், கோடையில் நிலம் காய்ந்தால் எர்த் சரியாக வேலை செய்யாது.

கூரையில் சூரியத் தகடு போடப் போகிறோம் என்று எழுதியிருந்தீர், அதைக் கேட்க எனக்கு எவ்வளவு சந்தோஷம் தெரியுமா? உமக்கு ஞாபகம் இருக்கும், யுத்தத்தின்போது பொருளாதாரத் தடைக் காலத்தில் அப்பா சின்னப் போத்தலில் பொத்திப் பொத்தி வைத்திருந்த பெற்றோலைக் கார்புரேட்டருக்குள் விட்டு ஸ்டார்ட் பண்ணி, பிறகு மண்ணெண்ணெயில் ஓட்டினார். நாங்கள் சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, பெடலைச் சுற்றி, டைனமோவில் ரேடியோ கேட்டோம். 2022இல் நீர் இங்கே இல்லை. பெற்றோலுக்கு இரவிரவாக வரிசையில் படுத்தார்கள், பிறகு கியூஆர் அட்டைக்குக் கிழமைக்கு இவ்வளவு லீற்றர் என்று அளந்தார்கள். எங்கோ யாரோ கப்பலை நிறுத்தினால் எங்கள் பிள்ளைகள் பள்ளிக்கூடம் போக முடியாது என்ற நிலையை இரண்டு தரம் பார்த்துவிட்டேன். எங்கள் கூரையில் விழும் வெயிலில் நான் வேலைக்குப் போகிறேன் என்பது எனக்குக் காசுக் கணக்கு மட்டும் இல்லை.

ஆனால் ஒன்றைக் கவனியும். அதே 2022 மார்ச் கடைசியில் ஒரு நாளைக்குப் 13 மணித்தியாலம் கரண்ட் வெட்டினார்கள். தகட்டு மின்சாரத்தை வீட்டு மின்சாரமாக மாற்றும் இன்வேட்டர் சாதாரணமானது என்றால், வெளியிலிருந்து வரும் கரண்ட் நின்றதும் உம்முடைய தகடுகளும் நின்றுவிடும். கம்பியில் வேலை செய்கிறவருக்கு ஆபத்து வராமலிருக்க அப்படித்தான் அமைத்திருக்கிறார்கள். உச்சி வெயில் கூரையில் எரிந்தாலும் கார் ஏறாது. பற்றரியோடும் வேலை செய்யும் ஹைபிரிட் இன்வேட்டரும் சின்னதாக ஒரு வீட்டுப் பற்றரியும் போட்டால்தான் அது தீரும். 60 யூனிட் காருக்குக் கொடுக்க இருந்த மிச்சக் காசை அதில் போடும். இதுதான் என் முடிவான யோசனை.

எனக்கு இன்னொரு ஆசையும் இருக்கிறது. பகலில் சூரிய மின்சாரம் மிஞ்சுகிறது. 2025 சித்திரைப் புத்தாண்டு விடுமுறையில் தகடு வைத்திருக்கிறவர்களைப் பகலில் நிறுத்தி வைக்கும்படி மின்சார சபையே கேட்டது. அந்த நேரத்தில்தான் எங்கள் கார்கள் எல்லாம் யாழ்ப்பாணத்தில் அலுவலக முற்றங்களில் எட்டு மணித்தியாலம் சும்மா நிற்கின்றன. அங்கே பெரிய இயந்திரம் ஒன்றும் வேண்டாம். மீற்றரோடு ஒரு 10 அம்பியர் சொக்கற் போதும், எட்டு மணித்தியாலத்தில் 18 யூனிட், 130 கிலோமீற்றர். அலுவலகம், பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி, சந்தை எங்கும் இதைச் செய்யலாம். எங்கள் அலுவலகத்தில் எழுதிக் கேட்டிருக்கிறேன், பதில் வரவில்லை, திரும்பவும் கேட்பேன். நோர்வேயில் 2024இல் விற்ற புதுக் கார்களில் பத்தில் ஒன்பது மின்சாரக் கார் என்று வாசித்தேன். அங்கே வேலைத்தளங்களில் இதை எப்படி ஒழுங்கு செய்திருக்கிறார்கள், காசை யாரிடம் எப்படி அறவிடுகிறார்கள் என்று விபரமாக எழுதும். அதைக் காட்டிக் கேட்டால் என் கடிதத்துக்குக் கொஞ்சம் பலம் கூடும்.

நெல்லியடி வீட்டு மீற்றர் பெட்டியைப் படம் எடுத்து அனுப்பும்படி தம்பியிடம் சொல்லும். படம் வந்ததும் எங்கள் வீட்டில் வேலை செய்தவரைக் கூட்டிக்கொண்டு நானே போய்ப் பார்க்கிறேன், எர்த்தையும் அளந்து சொல்வார். அதுவரை காருக்கு முற்பணம் கட்ட வேண்டாம்.

மகளுக்கும் அவருக்கும் என் அன்பு.

என்றும் உம்முடைய,
பருத்தித்துறைத் தோழி