பேய் வேஷம் போடட்டும், தட்டில் மட்டிப்பழம் இருக்கட்டும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

அக்டோபர் கடைசி வந்தால் உங்கள் கடிதப் பகுதியில், 31-ஆம் தேதி பிள்ளைகள் பேய் வேஷம் கட்டுகிற மேல்நாட்டுப் பண்டிகையான ஹாலோவீன் நமக்குத் தேவையா என்று இரண்டு பேர் எழுதுகிறார்கள், அவர்களுக்குப் பதில் சொல்லி இன்னும் இரண்டு பேர் எழுதுகிறார்கள். நாகர்கோவில், மார்த்தாண்டம் பக்கம் ஆங்கிலப் பள்ளிகளிலும் புதிதாக எழும்பிய அடுக்குமாடிக் குடியிருப்புகளிலும் அது எப்போதோ நுழைந்தாகிவிட்டது, கறுப்பு அங்கியும் கூம்புத் தொப்பியும் ஃபேன்சி கடை வாசலில் தொங்குகின்றன, இனி வேண்டுமா வேண்டாமா என்று கேட்டு என்ன ஆகப்போகிறது? சுடலைமாடனுக்கும் இசக்கியம்மனுக்கும் கொடை நடக்கிற ஊர் இது. இறந்தோரை நினைக்கிற நவம்பர் 2 அன்று குடும்பத்தோடு கல்லறைத் தோட்டத்துக்குப் போய் மெழுகுவர்த்தி ஏற்றிவிட்டு வருகிறவர்களும் இங்கே ஏராளம். ஒரு சாயங்காலம் பிள்ளைகள் பேய் வேஷம் கட்டினால் குடி முழுகிப் போகாது. எனக்கு வேறு கவலை. அந்தப் பிள்ளைகளின் கையில் இருக்கிற தட்டைப் பற்றி யாருமே எழுதக் காணோம்.

தட்டில் என்ன இருக்கிறது என்று நான் சொல்கிறேன். ஆரஞ்சு நிற ஜெல்லி, பச்சை க்ரீம் தடவிய கப் கேக், கண்முழி மாதிரி உருண்டை மிட்டாய், நாக்கையே நீலமாக்கிவிடுகிற லாலிபாப். பாக்கெட்டைத் திருப்பிப் பார்த்தால் பொடி எழுத்தில் 102, 110, 122, 124 என்று எண்கள் இருக்கும். டார்ட்ரசின், சன்செட் யெல்லோ, கார்மோசின், பான்சோ 4ஆர் எல்லாம் அந்த எண்களுக்குள் ஒளிந்திருக்கிற செயற்கைச் சாயங்கள். பிள்ளைகளின் செயலையும் கவனத்தையும் இவை பாதிக்கலாம் என்று பாக்கெட்டிலேயே எச்சரிக்கை போட வேண்டும் என ஐரோப்பிய ஒன்றியத்தில் 2010 முதல் சட்டம். நம் நாட்டில் அளவோடு போட அனுமதி உண்டு. 2024 பிப்ரவரியில் தமிழ்நாட்டில் பஞ்சுமிட்டாயைத் தடை செய்தார்களே, அதில் கிடைத்த ரோடமின் பி உணவில் சேர்க்கவே கூடாத சாயம், இரண்டையும் போட்டுக் குழப்ப வேண்டாம். ஆனால் அந்த அளவெல்லாம் மிட்டாய்க்குத்தான், ஒரு பிள்ளை ஒரு ராத்திரியில் எத்தனை மிட்டாய் தின்னும் என்பதற்கு எந்தச் சட்டத்திலும் அளவில்லை. சிபிஎஸ்இ பள்ளிகளில் சர்க்கரைப் பலகை வைத்து, எந்தத் தின்பண்டத்தில் எவ்வளவு சர்க்கரை என்று பிள்ளைகளுக்குக் காட்டச் சொல்லி 2025-இல் உத்தரவு வந்தது. பலகை ஒரு சுவரில் தொங்க, அதே வளாகத்தில் ஜெல்லி விருந்து நடந்தால் பிள்ளைகள் எதை நம்பும்?

சரி, ஆரோக்கியமாகவே செய்யலாம் என்று நினைக்கிற தாய்மாரும் இருக்கிறார்கள். அவர்கள் செல்போனில் தேடுகிறார்கள், ஸ்ட்ராபெர்ரி பேய், ப்ளூபெர்ரி கண், கிவி தவளை என்று படம் படமாக வருகிறது. அதைத் தேடி சூப்பர் மார்க்கெட்டுக்குப் போனால் ஒரு சின்ன டப்பா விலையைக் கேட்டதும் தலை சுற்றுகிறது, திரும்பும்போது பையில் ஜெல்லிதான் இருக்கும். இதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. பெட்டிக்கடை வாசலில்கூட வாழைக்குலை தொங்குகிற மாவட்டம் நம் கன்னியாகுமரி. மட்டி, ரசகதலி, செந்துளுவன், நேந்திரன் என்கிற ஏத்தன், பேயன், பாளையங்கோடன் என்று வகைவகையாக வைத்துக்கொண்டு வெளிநாட்டுப் படத்தைப் பார்த்து ஏன் ஏங்க வேண்டும்?

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். இந்தப் பண்டிகை வளர்ந்த அயர்லாந்து, ஸ்காட்லாந்து பக்கம் அந்த ராத்திரிக்கு ஆப்பிளும் கொட்டைப் பருப்புகளும்தான் பழைய தின்பண்டம். தண்ணீர்த் தொட்டியில் மிதக்கிற ஆப்பிளைக் கையில் தொடாமல் வாயாலேயே கவ்வுகிற விளையாட்டு இன்றைக்கும் உண்டு. முகம் செதுக்கி விளக்கு வைத்ததுகூட முதலில் டர்னிப் கிழங்கில்தான், அமெரிக்காவுக்குக் குடிபோனவர்கள் அங்கே கிடைத்த பூசணியைக் கையில் எடுத்தார்கள். வீடு வீடாக வரும் பிள்ளைகளுக்குப் பழம், பருப்பு, சில்லறைக் காசு, வீட்டுப் பலகாரம் என்று கொடுத்துக்கொண்டிருந்தவர்களிடம் பாக்கெட் மிட்டாய் முழுசாக வந்து உட்கார்ந்தது 20-ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில்தான். ஆக, அவரவர் ஊரில் விளைந்ததை எடுத்துச் செய்ததுதான் அங்கேயும் வழக்கம். நாமும் அப்படியே செய்தால் போயிற்று.

மட்டியில் தொடங்குகிறேன். 2023-இல் புவிசார் குறியீடு வாங்கிய நம் ஊர்ப் பழம், கைக்குழந்தைக்கே மசித்துக் கொடுக்கிறோம், அதற்கு மேல் அறிமுகம் வேண்டாம். முதல் நாள் ராத்திரி, தோலில் புள்ளி விழாத மஞ்சள் மட்டியாகப் பார்த்து எடுத்து, பிள்ளையின் கையில் ஒரு பல்குச்சியைக் கொடுங்கள். தோலில் மெதுவாகப் புள்ளி புள்ளியாகக் குத்தி இரண்டு கண், ஒரு கோணல் வாய், நாலு பல் வரையச் சொல்லுங்கள். மட்டிக்குத் தோல் மெல்லிசு, அழுத்தினால் சதை வரை இறங்கிவிடும், மேலாகக் குத்தினால் போதும். வரைந்த உடனே ஒன்றும் தெரியாது, பிள்ளை ஏமாந்து போய் உங்களைப் பார்க்கும். கொஞ்ச நேரத்தில் குத்திய இடமெல்லாம் தவிட்டு நிறமாகிறது, காலையில் பார்த்தால் கறுத்த முகம் ஒன்று பழத்திலிருந்து முழித்துக்கொண்டிருக்கும். தோலின் செல் உடைந்த இடத்தில் காற்று பட்டு, உள்ளே இருக்கும் நொதி வேலை செய்து கறுக்கிறது. வெட்டி வைத்த ஆப்பிள் கறுக்கிறதும் இதேதான். ஆறாம் வகுப்புப் பிள்ளைக்கு இதைவிட நல்ல அறிவியல் பாடம் கிடைக்குமா? வெட்டவில்லை, உரிக்கவில்லை, சாயம் இல்லை, பையில் போட்டுப் பள்ளிக்கும் அனுப்பலாம்.

வெள்ளைப் பேய் வேண்டுமென்றால் தோலை உரித்து, பழத்தைக் குறுக்கே பாதியாக வெட்டி, வெட்டிய பக்கம் கீழே வருமாறு தட்டில் நிறுத்துங்கள். இதற்கு மட்டி சரிப்படாது, ஒல்லியாக இருப்பதால் சாய்ந்துவிடும். ரசகதலி நிற்கும், பேயன் இன்னும் நன்றாக நிற்கும், குட்டையும் தடிமனுமாக அதற்கென்றே பிறந்த மாதிரி. எலுமிச்சம்பழச் சாறு ரெண்டு சொட்டு தடவினால் சீக்கிரம் கறுக்காது. கெட்டித் தயிரில் முக்கித் தேங்காய்த் துருவலில் புரட்டினால் வெள்ளைப் போர்வை போர்த்திய பேய் தயார். உலர்ந்த கறுப்புத் திராட்சையைக் கிள்ளிக் கண் வைத்துவிடுங்கள்.

பூசணி விளக்குக்குப் பதில் பப்பாளி. பழுத்தது வேண்டாம், செங்காயாக இருக்கும்போது வாங்க வேண்டும், தோல் மஞ்சளும் பச்சையுமாக, கத்தி இறங்கினால் நொறுங்காமல் வெட்டுகிற பதம். காம்புப் பக்கம் மூடிபோல் சீவி எடுத்துவிட்டு, கரண்டியால் விதையை வழித்து, முகத்தைப் பெரியவர்கள் செதுக்கிக் கொடுங்கள். செங்காயில் பால் கசியும், சில பிள்ளைகளுக்குக் கையில் அரிக்கும், கழுவித் துடைத்த பிறகு அவர்களிடம் தரவும். உள்ளே பேட்டரி விளக்கு ஒன்றைப் போட்டால் சதை முழுவதும் ஆரஞ்சாக ஒளிரும். மெழுகுவர்த்தி வேண்டாம், துணி வேஷம் கட்டிய பிள்ளைகள் சுற்றி நிற்கிற இடம். பார்த்து முடிந்ததும் விளக்கை எடுத்துவிட்டு அன்னாசித் துண்டும் மாதுளை முத்தும் போட்டு, அதையே கிண்ணமாக நடுவில் வையுங்கள். அன்னாசிக்கு அலைய வேண்டியதில்லை, குலசேகரம், அருமனை பக்கம் இளம் ரப்பருக்கு நடுவிலேயே விளைகிறது.

எனக்கு ரொம்பப் பிடித்தது ஏத்தம்பழ மம்மி. நன்றாகக் கனிந்த ஏத்தம்பழத்தைத் தோலுரித்து நீளவாக்கில் இரண்டாக வெட்டி வாழையிலையில் வைத்து, அதன்மேல் இடியாப்ப மாவை அச்சில் குறுக்கும் நெடுக்கும் பிழிய வேண்டும், கண் இருக்கிற இடத்தை மட்டும் விட்டுவிடுங்கள். ஆவியில் பத்துப் பன்னிரண்டு நிமிஷம் வேகவைத்தால் துணி சுற்றிய மம்மி படுத்திருக்கும், இடைவெளியில் ரெண்டு திராட்சைக் கண் வைத்தால் பார்க்கிறவர்கள் சிரிக்காமல் இருக்க முடியாது. பழத்தின் இனிப்பே போதும், சர்க்கரை சேர்க்க வேண்டாம். அது வயிறு நிறையும் பலகாரமும் கூட, விருந்து முடிந்து வந்த பிள்ளைக்கு ராத்திரி சாப்பாடு போட்டு மல்லுக்கட்ட வேண்டியிருக்காது.

சிவப்புக் கொய்யாவை ரெண்டு கீற்று வெட்டி, விதைப் பகுதியை எடுத்துவிட்டு, வறுத்த நிலக்கடலையும் கொஞ்சம் கருப்பட்டியும் அரைத்த விழுதால் ஒட்டினால் உதடு. தேங்காயைப் பல்லுப் பல்லாக மெல்லிசாகச் சீவிச் செருகினால் ராட்சச வாய். பள்ளிக்கு அனுப்புவதென்றால் நிலக்கடலை ஒத்துக்கொள்ளாத பிள்ளை வகுப்பில் யாராவது உண்டா என்று முதலில் டீச்சரிடம் கேட்டுவிடுங்கள். தேங்காய்ப் பல் பெரிய பிள்ளைகளுக்கு மட்டும்தான்.

ஒரு விஷயத்தில் மட்டும் கொஞ்சம் கண்டிப்பாகச் சொல்கிறேன். கண்முழி என்று முழுத் திராட்சையை அப்படியே கொடுக்கிற படங்கள் நிறைய வருகின்றன. ஐந்து வயதுக்குக் கீழே உள்ள பிள்ளைக்கு முழுத் திராட்சை தொண்டையை அடைக்கிற அளவு உருண்டையும் வழவழப்பும், ஓட்டமும் சிரிப்புமாக இருக்கும்போது இன்னும் ஆபத்து. நீளவாக்கில் நாலாக வெட்டித்தான் கொடுக்க வேண்டும். முழு நிலக்கடலை, முந்திரிக்கும் இதே கதைதான், கொட்டையோடு கொடுக்கிற ரம்புட்டானும் அப்படியே. பழத்தில் செருகிய பல்குச்சியைக் கொடுக்கும் முன் உருவிவிடுங்கள்.

அப்புறம் இந்த மழை. அக்டோபர் 31 என்றால் ஐப்பசி, நம் பக்கம் பிசுபிசுவென்று பெய்கிற காலம். மழையில் பழம் கொடுத்தால் சளி பிடிக்கும் என்று வீட்டில் பாட்டிமார் சண்டைக்கு வருவார்கள், அதுவும் ஆரஞ்சு, அன்னாசி என்றால் கேட்கவே வேண்டாம். சளி கிருமியால் வருகிறது, பழத்தால் இல்லை என்று வாதாடி ஜெயிக்க முடியாது, நான் முயற்சி செய்வதும் இல்லை. குளிர்பெட்டியில் வைக்காமல், அன்றைக்கு வாங்கிய பழத்தை அன்றைக்கே வெட்டிக் கொடுத்தால் பாட்டிக்கும் சமாதானம், பிள்ளைக்கும் நல்லது. உண்மையில் மழைக்காலத்தில் பயப்பட வேண்டியது ஈயும் அழுக்குத் தண்ணீரும்தான். காலையில் வெட்டி டப்பாவில் அடைத்து மத்தியானம் வரை வைக்காதீர்கள், வெட்டிய பழம் இரண்டு மணி நேரத்துக்கு மேல் வெளியில் இருக்கக் கூடாது. அதனால்தான் பள்ளிக்குத் தோலோடு போகிற மட்டியும், தோலில் பேனாவால் முகம் வரைந்த கமலா ஆரஞ்சும் சிறந்தவை, வெட்டுகிற வேலையெல்லாம் வீட்டு விருந்துக்கு.

பிள்ளைகள் பழம் தின்னாது, மிட்டாய்க்குத்தான் அழும் என்று சொல்பவர்களுக்கு ஒரு வார்த்தை. தானே பல் செதுக்கிய பழத்தைப் பிள்ளை தின்னும். நாம் செய்து முடித்துத் தட்டில் வைத்தால் தொட்டுப் பார்த்துவிட்டு ஓடிவிடும், உண்மை. அதனால் அரைமணி நேரம் அடுக்களை நாசமானாலும் பரவாயில்லை என்று அவர்களை உள்ளே விட வேண்டும். ரெண்டு மிட்டாய் ஓரமாக இருந்தாலும் நான் குறை சொல்ல மாட்டேன், பண்டிகை என்றால் அதுவும் இருக்கும்தான், தட்டு முழுக்க அதுவாக இருப்பதுதான் பிரச்சினை.

பள்ளி நிர்வாகங்களுக்கு என் வேண்டுகோள் சின்னது. ஹாலோவீன் வேஷத்துக்குச் சுற்றறிக்கை அனுப்பும்போது, தின்பண்டம் கொண்டுவருவதென்றால் உள்ளூர்ப் பழத்தில் செய்ததாக இருக்கட்டும் என்று ஒரு வரி சேர்த்துவிடுங்கள். அந்த ஒரு வரி இல்லாததால்தான் பக்கத்து வீட்டுப் பிள்ளை பெரிய ஜெல்லி டப்பா கொண்டுவந்ததைப் பார்த்து நம் பிள்ளையும் கேட்கிறது. பரிசு கொடுக்கிற பழக்கம் இருந்தால் நல்ல வேஷத்துக்குக் கொடுக்கிற மாதிரி நல்ல பழத் தட்டுக்கும் ஒன்று கொடுங்கள்.

ஆசிரியர் இந்தக் கடிதத்தை 31-ஆம் தேதிக்கு நாலைந்து நாள் முன்பே போட்டால் உதவியாக இருக்கும். செங்காய்ப் பப்பாளியும் புள்ளி விழாத மட்டியும் கடைக்காரரிடம் முன்கூட்டியே சொல்லி வைத்தால்தான் கிடைக்கும், அன்றைக்குச் சாயங்காலம் வடசேரிச் சந்தைக்குப் போய்த் தேடினால் மற்றவர்கள் பொறுக்கிப்போட்டதுதான் மிஞ்சும்.

இப்படிக்கு,
தக்கலையிலிருந்து ஒரு வாசகி